சினிமா ஏலியன்களின் மரபணு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரகவாசி வரும் படம் பார்த்துவிட்டு வருபவர்களில் விண்கலம் எப்படிப் பறந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் குறைவு. "அதெப்படி அதோட டிஎன்ஏ நம்ம டிஎன்ஏவோட கலந்துச்சு?" என்பதுதான் பெரும்பாலும் வரும் கேள்வி. உயிரியல் படித்தவன், இந்த வகைப் படங்களை விடாமல் பார்ப்பவன் என்ற இரண்டு காரணங்களால் இப்படி வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சில படங்களின் கதை முடிச்சுகள் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், படங்கள் டிஎன்ஏ விஷயத்தில் எங்கே தவறுகின்றன?

படங்களில் டிஎன்ஏ ஒரு சாறு மாதிரி. அதற்குள் உருவம் முழுசாக ஒளிந்திருக்கும். ஒரு துளி உடம்பில் கலந்தால் போதும், அந்த உருவம் வெளியே வந்துவிடும். பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

டிஎன்ஏ ஓர் எழுத்து வரிசை. ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். அப்படி 64 சொற்கள் வரும். அவற்றில் 61 சொற்கள் புரதங்களின் கட்டுக்கற்களான 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மீதி 3 'இங்கே நிறுத்து' என்று சொல்கின்றன. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதி டிஎன்ஏவின் வேதியியலில் பொதிந்து கிடக்கவில்லை. அதை வாசிக்கும் செல்லின் இயந்திரங்களில், அதாவது புரதத்தைக் கட்டும் ரைபோசோம், அதற்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ, அவற்றுக்குத் துணைபோகும் நொதிகள் ஆகியவற்றில்தான் இருக்கிறது. வாசகன் இல்லாத எழுத்துக்கு இங்கே பொருளே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று. 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் என்ற உயிரியலாளரின் குழு, எலியில் கண் உருவாகக் காரணமான ஒரு மரபணுவை எடுத்துப் பழ ஈயின் உடம்பில், கண் இருக்கக் கூடாத இடங்களில் வேலை செய்ய வைத்தது. ஈயின் காலிலும் இறக்கையிலும் கண்கள் முளைத்தன. வந்தது எலிக் கண்ணா? இல்லை, ஈயின் கூட்டுக் கண். எலியின் மரபணு 'கண் செய்' என்ற கட்டளையை மட்டும் கொடுத்தது. எந்த மாதிரிக் கண் என்பதை ஈயின் செல்கள் தங்களுக்குத் தெரிந்தபடி முடிவு செய்துகொண்டன. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொண்டு படம் பாருங்கள், பாதிக் காட்சிகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஏலியன்களுக்கு டிஎன்ஏ இருக்குமா?

இருக்கலாம். ஆனால் இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இருக்கலாம் என்பதற்கு விண்கற்கள் சாட்சி. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் அமினோ அமிலங்களும் இருந்தன, பயன்படுத்தாதவையும் ஏராளமாக இருந்தன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023-இல் கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். டிஎன்ஏவிலும் அதன் நெருங்கிய சொந்தமான ஆர்என்ஏவிலும் எழுத்தாக நிற்கும் ஐந்து மூலக்கூறுகளும் அதில் இருந்தன. ஆக, மூலப்பொருள்கள் விண்வெளியில் தாராளம்.

கட்டாயமில்லை என்பதற்கு ஆய்வகங்கள் சாட்சி. டிஎன்ஏவின் முதுகெலும்பாக இருக்கும் சர்க்கரையை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்துச் செய்த எக்ஸ்என்ஏக்கள் தகவலைச் சேமிக்கவும் திருப்பித் தரவும் கூடியவை என்று 2012-இல் காட்டினார்கள். 2014-இல் இரண்டு புதிய எழுத்துகள் சேர்த்த டிஎன்ஏவோடு ஒரு பாக்டீரியா உயிர் வாழ்ந்தது. 2019-இல் ஸ்டீவன் பென்னர் குழு எட்டு எழுத்து டிஎன்ஏவைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் 'ஹாச்சிமோஜி', ஜப்பானிய மொழியில் எட்டு எழுத்து என்று பொருள். நான்கு எழுத்துதான் ஒரே வழி என்ற எண்ணம் இத்தோடு போயிற்று.

சரி, அவர்களுக்கும் டிஎன்ஏதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கலக்கலாமே?

இங்கேதான் அகராதி குறுக்கே நிற்கிறது. 64 சொற்களையும் 20 அமினோ அமிலங்கள், ஒரு நிறுத்தக் குறி என்று பிரித்துக் கொடுக்க எத்தனை வழி உண்டு தெரியுமா? 1-க்குப் பின்னால் 84 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணை ஒட்டிய அளவு. நம் அகராதி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது இல்லை, அதுவும் உண்மை. ஓர் எழுத்து பிசகினாலும் புரதம் அதிகம் கெடாதபடி அமைந்த அகராதி இது, இப்படி அமைவது பத்து லட்சத்தில் ஒன்றுதான் என்று 1998-இல் ஃப்ரீலேண்ட், ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய எண்ணில் பத்து லட்சத்தில் ஒன்றை எடுத்தாலும் 78 பூஜ்யம் மிச்சம். நல்ல அகராதிகளே அத்தனை இருக்கும்போது, தொடர்பே இல்லாத இரண்டு உலகங்கள் ஒரே அகராதியை எட்டும் என்று நம்புவது கடினம்.

அகராதி வேறானால் என்ன ஆகும்? ஏலியன் மரபணு நம் செல்லுக்குள் வந்து, நம் ரைபோசோம் அதை வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 64-இல் 3 சொற்கள் நிறுத்தச் சொல்பவை என்பதால், அர்த்தமில்லாத வரிசையில் சராசரியாக 21 சொற்களுக்கு ஒரு முறை நிறுத்தம் வந்துவிடும். கிடைப்பது உதவாத துண்டுகள். செல் அவற்றைக் கழிவாகச் சிதைத்துவிடும். நள்ளிரவில் மூன்றாவது கை முளைக்காது.

இதை ஆய்வகத்திலேயே பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு 2019-இல் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் 61 சொற்களே வரும்படி திருத்தி எழுதியது. கைவிட்ட சொற்களை வாசிக்கும் கருவிகளை 2021-இல் நீக்கினார்கள். அதன் பிறகு, சோதித்த வைரஸ்களால் அதைத் தொற்ற முடியவில்லை. பூமியின் வைரஸ்தான், பூமியின் பாக்டீரியாதான். அகராதியில் சில வரிகள் மட்டும் மாறின, அதற்கே உறவு அறுந்தது.

மனிதனும் ஏலியனும் குழந்தை பெற முடியுமா?

முடியாது. இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லப்போகும் பதில்கள் குறைவு.

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்தால் வரும் கோவேறு கழுதைக்கு 63. அது நன்றாக உழைக்கும், ஆனால் அநேகமாக எப்போதும் மலடு. இத்தனை நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இந்த நிலை. எதிர்ப்பக்கம் ஒரு விசித்திரமான சேதியும் உண்டு. 2020-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் ரஷ்ய ஸ்டர்ஜன் மீனையும் அமெரிக்கத் துடுப்பு மீனையும் வைத்து வேறொரு சோதனை செய்தபோது, எதிர்பாராமல் கலப்பினக் குஞ்சுகள் பிறந்துவிட்டன. அந்த இரண்டு குலங்களும் பிரிந்து 18 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "அப்போ முடியும்ல?" என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மீன்கள் எவ்வளவு தூரம் விலகியிருந்தாலும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். ஒரே எழுத்து, ஒரே அகராதி, கருவை வளர்க்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. நமக்கும் காளானுக்கும்கூடப் பொது மூதாதை உண்டு. வேறு உலகத்தில் தனியாகத் தோன்றிய உயிருக்கு அதுவும் கிடையாது.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஸ்பாக் மனிதத் தாய்க்கும் வல்கன் என்ற ஏலியன் இனத்துத் தந்தைக்கும் பிறந்தவர். அந்தக் கதாபாத்திரத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். இந்தச் சிக்கல் அந்தத் தொடரின் எழுத்தாளர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 1993-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், ஒரு பழங்கால இனம் பல கிரகங்களில் தன் மரபணு விதைகளைத் தூவியதாக ஒரு காரணம் சொன்னார்கள். பொது மூதாதையைக் கொடுத்தது சரியான திசைதான். பல நூறு கோடி ஆண்டுகள் கழித்து எல்லாரும் அதே உருவத்துக்கு வந்து சேரும்படி பரிணாமத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்பதுதான் ஒட்டவில்லை. பயன்படாத எழுத்துகளைச் சடுதிமாற்றங்கள் தலைமுறைக்குத் தலைமுறை அழித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பாக்கின் பச்சை ரத்தம்?

நிறம் பிரச்சினையே இல்லை. அவர் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு என்பது கதை. செம்பு அடிப்படையிலான ரத்தம் பூமியிலேயே ஆக்டோபஸுக்கும் குதிரைலாட நண்டுக்கும் இருக்கிறது, ஆனால் அது நீலம். நியூ கினியில் சில அரணைகளுக்கு உண்மையிலேயே பச்சை ரத்தம், அதற்குக் காரணம் பிலிவெர்டின் என்ற பித்த நிறமி.

'டிஸ்ட்ரிக்ட் 9'-இல் ஒரு திரவம் முகத்தில் பட்டதும் மனிதன் ஏலியனாக மாறுகிறானே?

2009-இல் வந்த அந்தப் படத்தில் நாயகனின் கை முதலில் மாறுகிறது. அந்தக் கையை வைத்து, ஏலியன்களுக்கு மட்டுமே பணியும் ஆயுதங்களை அவனால் இயக்க முடிகிறது. கதையாக எனக்கு மனசைப் பிசைந்த படம். உயிரியலாகப் பார்த்தால் மூன்று சுவர்கள் எழும்புகின்றன.

அகராதிச் சுவரை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது, போய்ச் சேரும் சுவர். மனித உடம்பில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள். அரிவாள் செல் நோய்க்கு 2023-இல் அனுமதி பெற்ற, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் செய்யும் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை உடம்பிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். வெளியிலேயே திருத்துகிறார்கள். எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்கிறார்கள். பிறகுதான் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஒரே வகைச் செல்லைத் திருத்த இத்தனை பாடு.

மூன்றாவது சுவர்தான் பெரியது. கையை வடிவமைத்த மரபணுக்கள் தங்கள் வேலையைத் தாயின் வயிற்றிலேயே, முதல் இரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலும் முடித்துவிட்டன. இப்போது அந்த எழுத்தை மாற்றினாலும் கை மாறாது. சூளையில் சுட்டெடுத்த பானையைத் திரும்பச் சக்கரத்தில் வைத்து வனைய முடியுமா?

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கம்பளிப்புழு கூட்டுக்குள் தன் திசுக்களைப் பெருமளவு கரைத்து வண்ணத்துப்பூச்சியாகிறது. ஆனால் அதற்கென்று ஒதுக்கிவைத்த செல் தொகுப்புகள் அதன் உடம்பில் முன்பே காத்திருக்கின்றன. மனிதனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு படம் அந்த ஒதுக்கிவைத்த செல்களைக் கதைக்குள் கொண்டுவந்தால் நான் ஆவலோடு பார்ப்பேன்.

அந்நிய மரபணு நம் உடம்பில் நுழைந்ததே இல்லையா?

நுழைந்திருக்கிறது. நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தங்கள் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும் வைரஸ்களின், மிச்சம். அப்படி வந்த ஒரு மரபணு இன்று கருப்பையில் நச்சுக்கொடி உருவாக உதவுகிறது. அதாவது, நாம் பிறந்ததில் ஒரு வைரஸுக்கும் பங்குண்டு. கலப்பு என்பதே கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வைரஸ்கள் நம் அகராதியில் எழுதப்பட்டவை, அதனால்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

'ஏலியன்' படங்களில் அந்த உயிரி தான் வளரும் உடம்பின் சாயலைப் பெறுவது எப்படி?

1979-இல் மனிதனின் நெஞ்சைக் கிழித்து வந்தது இரண்டு காலில் நின்றது. 1992-இல் திரையரங்கில் வந்த மூன்றாம் பாகத்தில் நாயிலிருந்து பிறந்தது நான்கு காலில் ஓடியது. அது இரையின் மரபணுவை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் வழக்கமான விளக்கம். அப்படியானால் அது நாயின் எழுத்தையும் மனிதனின் எழுத்தையும் வாசிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். உருவம் ஒன்றிரண்டு மரபணுவில் இருப்பதும் இல்லை. இந்த விளக்கத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

எனக்குத் தோன்றும் நல்ல விளக்கம் வேறு. ஒரே மரபணுத் தொகுதிக்குள் பல உருவங்கள் இருக்க முடியும், சூழல் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வெட்டுக்கிளி தனியாக வளர்ந்தால் ஒரு வடிவம், கூட்டத்தில் வளர்ந்தால் வேறு நிறம், வேறு குணம். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு எதிரியின் வாடையைத் தண்ணீரில் உணர்ந்தால் தலையில் கூர்முனை வளர்த்துக்கொள்ளும். முட்டை இருக்கும் மணலின் வெப்பம் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. அதுபோல ஏலியனுக்கும் இரண்டு கால் வடிவமும் நான்கு கால் வடிவமும் தன்னுடைய மரபணுவிலேயே இருந்து, இரையின் அளவும் இதயத்துடிப்பும் வெறும் குறிப்பாக அமைந்தால் போதும். யாருடைய டிஎன்ஏவையும் திருட வேண்டியதில்லை.

திருட்டு முழுக்கப் பொய்யும் இல்லை. சில ஒட்டுண்ணிக் குளவிகள் கம்பளிப்புழுவுக்குள் முட்டையிடும்போது, தங்கள் மரபணுவைச் சுமந்த வைரஸ் துகள்களையும் சேர்த்துச் செலுத்துகின்றன. புழுவின் செல்கள் அந்த மரபணுக்களை வாசித்துத் தங்கள் சொந்த நோய் எதிர்ப்பையே முடக்கிக்கொள்கின்றன. பூமியில் நடக்கும் திகில் இது.

சில மணி நேரத்தில் அது ஆள் உயரம் வளர்ந்துவிடுவதற்கு மட்டும் மரபணுவில் விடை தேடாதீர்கள். அத்தனை கிலோ எடை எங்கிருந்தோ உணவாக வந்தாக வேண்டும்.

'ப்ரோமிதியஸ்' படத்தில் ஏலியன் டிஎன்ஏ மனித டிஎன்ஏவோடு பொருந்துகிறதே?

2012-இல் வந்த இந்தப் படம் எனக்கு வருத்தம் தந்தது, காரணம் கேள்வி அத்தனை பெரியது. நம்மைப் படைத்தவர்கள் வேறு உலகத்தார் என்பது கதை. ஆய்வகத்தில் திரையில் இரண்டு டிஎன்ஏவும் பொருந்திப்போகின்றன.

நம் டிஎன்ஏ சிம்பன்சியோடு ஏறக்குறைய 99 சதவீதம் ஒத்துப்போகிறது. எலி, மீன், ஈஸ்ட் என்று போகப்போக ஒற்றுமை படிப்படியாகக் குறைகிறது. மனிதனை மட்டும் யாரோ தனியாகக் கொண்டுவந்து வைத்திருந்தால் இந்தப் படிக்கட்டு இருக்காது. உயிரின் தொடக்கத்திலேயே விதை போட்டார்கள் என்றால், 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் தனித்தனியே மாறி மாறி, இன்று அவர்கள் நமக்கு ஒரு பாக்டீரியாவைவிட நெருக்கமாக இருக்க வழியில்லை. பொருந்த வேண்டுமானால் பிரிவு அண்மையில் நடந்திருக்க வேண்டும். சிம்பன்சி அதற்கு எதிர்ச்சாட்சி.

விண்வெளியிலிருந்து உயிர் விதை வந்தது என்ற எண்ணமே அறிவியலுக்குப் புறம்பானதில்லை. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், வேதியியலாளர் லெஸ்லி ஆர்கெலோடு சேர்ந்து 1973-இல் இதை ஒரு சாத்தியமாக முன்வைத்தார். பூமியின் உயிர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அகராதியைப் பயன்படுத்துவதை அவர்கள் ஒரு குறிப்பாகக் காட்டினார்கள். வருங்காலத்தில் செவ்வாயில் ஓர் உயிர் கிடைத்தால் முதலில் பார்க்கப்போவதும் இதைத்தான். அகராதி ஒன்றென்றால் சொந்தம், வேறென்றால் தனியே தோன்றியது.

ஆய்வக இயந்திரத்தில் ஏலியன் ரத்தத்தை வைத்தால் 'அறியப்படாத உயிரினம்' என்று திரையில் வருமா?

வராது. டிஎன்ஏவைப் படிக்கும் பெரும்பாலான இயந்திரங்கள் நம் உலகத்து நொதிகளை நம்பி ஓடுபவை. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறைக்கு உதவும் நொதி வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. நகலெடுக்கத் தொடங்க, முன்பே தெரிந்த ஒரு வரிசைத் துண்டும் வேண்டும். ஏலியனின் மரபுப் பொருள் வேறு வேதியியல் என்றால் இயந்திரம் ஒன்றுமே காட்டாது.

அல்லது இன்னும் மோசமாக, எதையாவது காட்டும். மாதிரியைத் தொட்டவரின் டிஎன்ஏ, தும்மியவரின் டிஎன்ஏ, மருந்துக் குப்பியில் இருந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ. 2015-இல் நீர்க்கரடி என்ற நுண்ணுயிரியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பிற உயிர்களிடமிருந்து வந்தது என்று ஒரு குழு அறிவித்தது. அதில் பெரும்பகுதி மாதிரியில் கலந்த பாக்டீரியாக்கள் என்று சீக்கிரமே மற்றவர்கள் காட்டினார்கள். எனவே, ஏலியனைச் சோதித்துவிட்டு 'மனித டிஎன்ஏவோடு பொருந்துகிறது' என்று திரை சொன்னால், என் முதல் சந்தேகம் கையுறை போடாத ஆய்வாளர் மேல்தான் விழும். 'ப்ரோமிதியஸ்' காட்சியை இப்படி எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ரேடியோ அலையில் டிஎன்ஏ வரிசையை அனுப்பி ஏலியனை இங்கே பிறக்க வைக்க முடியுமா?

1995-இல் வந்த 'ஸ்பீஷிஸ்' படத்தின் கதை இது. 1974-இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து நாம் அனுப்பிய செய்திக்குப் பதிலாக ஒரு டிஎன்ஏ வரிசை வருகிறது, அதை மனிதக் கருமுட்டையில் சேர்க்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். வரிசையைத் தனியே விடாமல் மனிதக் கருமுட்டை என்ற வாசகனிடம் கொடுத்தார்கள். 2010-இல் கிரெய்க் வென்டர் குழு பத்து லட்சத்துக்கும் சற்று அதிகமான எழுத்துகள் கொண்ட செயற்கை மரபணுத் தொகுதியை வேதியியல் முறையில் எழுதியபோதும், அதை உயிர்ப்பிக்க நெருங்கிய இனத்தின் உயிருள்ள செல் ஒன்று தேவைப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், அனுப்புகிறவருக்கு நம் அகராதி தெரிந்திருக்க வேண்டும். அரெசிபோ செய்தி 1,679 பிட்டுகள் மட்டுமே. அதில் டிஎன்ஏவின் மூலக்கூறுகளும் இரட்டைச் சுருள் வடிவமும் இருந்தன. எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணை அதில் இல்லை. எழுத்து வடிவத்தைக் காட்டிவிட்டோம், மொழியைச் சொல்லித்தரவில்லை. அதைப் பார்த்துவிட்டு நம் மொழியில் பிழையில்லாமல் ஒரு காவியம் எழுதி அனுப்ப எவராலும் முடியாது.

'அவதார்'?

மனித டிஎன்ஏவையும் பண்டோரா என்ற உலகத்தில் வாழும் நாவி இனத்தின் டிஎன்ஏவையும் கலந்து உடம்பு வளர்ப்பது மேலே சொன்ன எல்லாக் காரணங்களாலும் நடக்காது. ஆனால் உள்ளே ஒரு நேர்மை இருக்கிறது. இறந்த அண்ணனுக்காக வளர்த்த உடம்பைத் தம்பி பயன்படுத்த முடிவது அவர்கள் ஒரே மரபணு கொண்ட இரட்டையர் என்பதால்தான். கலப்பு உடம்புக்கு ஐந்து விரல், நாவிகளுக்கு நான்கு. இப்படிச் சின்ன விஷயங்களை யோசித்திருக்கிறார்கள்.

என் மனக்குறை கால்களில். பண்டோராவின் விலங்குகள் பலவற்றுக்கு ஆறு கால், நாவிகளுக்கு மட்டும் நம்மைப் போல நான்கு அவயவங்கள். நமக்கு நான்கு இருப்பது நம் மூதாதை மீன்களுக்கு நான்கு துடுப்பு அமைந்திருந்த தற்செயலால். விரல்கூட ஐந்தாகத்தான் தொடங்கியது என்பதில்லை. அகாந்தோஸ்டெகா என்ற 36 கோடி ஆண்டுக்கு முந்தைய விலங்குக்கு முன்காலில் எட்டு விரல்கள். வேறு உலகத்தில் வேறு தற்செயல் நடந்திருக்கும். கண் திரும்பத் திரும்பத் தோன்றும் என்று நம்பலாம், பூமியிலேயே பல முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இரண்டு கை, இரண்டு கால், நடுவில் ஒரு மூக்கு என்று எல்லாம் சேர்ந்து திரும்ப வருவதற்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை.

ஏலியன் கிருமியால் நமக்கு நோய் வருமா? நம் கிருமியால் அவர்களுக்கு?

வைரஸா பாக்டீரியாவா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

வைரஸ் என்பது வாசகனைத் தேடி அலையும் கடிதம். தனக்கென்று ரைபோசோம் கிடையாது. புகையிலையைத் தாக்கும் வைரஸ் நம்மைத் தாக்குவதில்லை, அகராதி ஒன்றாக இருந்தும்கூட. வேறு அகராதிக்காரனான ஏலியன் வைரஸ் நம் செல்லில் ஒன்றும் செய்ய முடியாது.

பாக்டீரியா வாசகனையும் தன்னோடு சுமந்து வருகிறது. அதற்கு வேண்டியது உணவும் இடமும்தான். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தண்ணீரில் அமீபாக்களுக்குள் வாழப் பழகியது, மனிதன் அதற்கு இலக்கே இல்லை. ஆனாலும் தப்பித் தவறி நுரையீரலுக்குள் போனால் ஆளைக் கொல்லும். அதனால் 1898-இல் எச்.ஜி. வெல்ஸின் நாவலாக வெளிவந்து, 1953-இலும் 2005-இலும் பெரிய படங்களாக வந்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' கதையில் பூமியின் பாக்டீரியாக்கள் செவ்வாய்க்காரர்களை வீழ்த்துவதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு, நம்முடையவை இடக்கை வகை. அவர்களுடையது வலக்கை வகையாக இருந்தால் நம் கிருமிகளுக்கு அவர்கள் நல்ல உணவாக மாட்டார்கள். அப்போதும் நிம்மதி கொள்ள முடியாது. இப்படி இடவலம் மாறிய 'கண்ணாடி பாக்டீரியா'வை ஆய்வகத்தில் உருவாக்கக் கூடாது, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அது சரியாகப் படாமல் போகலாம் என்று 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அப்பல்லோ 11 வீரர்களை 1969-இல் 21 நாள் தனிமைப்படுத்தியது வீண் பயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மரபணு வழியாக நினைவு வருமா?

1997-இல் வந்த நான்காம் 'ஏலியன்' படத்தில் நகலெடுத்து உருவாக்கிய நாயகி ரிப்ளிக்குப் பழைய நினைவுகள் வருகின்றன. மூளையின் நினைவு நரம்பு இணைப்புகளில் இருக்கிறது, டிஎன்ஏவில் ஏறுவதில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பாக்டீரியாக்கள் தங்களைத் தாக்கிய வைரஸின் துண்டை வெட்டித் தங்கள் டிஎன்ஏவில் சேர்த்துவைத்து, வாரிசுகளுக்கும் கொடுக்கின்றன. கிரிஸ்பர் என்று நாம் பயன்படுத்தும் கருவி அங்கிருந்து வந்ததே. எதிரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக நினைவு வைத்திருக்கும் ஏலியன் என்றால், நான் நம்புவேன்.

டிஎன்ஏ அதிகம் இருந்தால் அறிவு அதிகமா?

'தி ஃபிஃப்த் எலிமெண்ட்' படத்தில் அப்படித்தான். மனிதனுக்கு 40 மரபுத் தொகுப்பு, படத்தில் வரும் வேற்றுலகப் பெண்ணுக்கு 2,00,000 என்று வியக்கிறார்கள். மனிதனின் டிஎன்ஏ சுமார் 310 கோடி எழுத்து. வெங்காயத்துக்கு ஏறக்குறைய 1,600 கோடி. நியூ கலிடோனியாவில் வளரும் ஒரு சின்னஞ்சிறு பெரணிச் செடிக்கு 16,000 கோடி என்று 2024-இல் கண்டார்கள். கேள்விக்கு அந்தப் பெரணியே பதில்.

சிலிக்கான் உயிர், ஆர்சனிக் உயிர்?

பூமியின் மேலோட்டில் எடைக்குக் கால்வாசிக்கு மேல் சிலிக்கான். கார்பன் அதோடு ஒப்பிட மிகக் கொஞ்சம். அப்படியிருந்தும் உயிர் கார்பனைத்தான் பிடித்துக்கொண்டது. சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் மணல், அதை மூச்சாக வெளியே விட முடியாது. ஆர்சனிக் கதை 2010-இல் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி பாக்டீரியாவோடு வந்தது. அது பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை டிஎன்ஏவில் வைக்கிறது என்றார்கள். 2012-இல் மற்ற குழுக்கள் அப்படி இல்லை என்று காட்டின. 2025-இல் அதை வெளியிட்ட 'சயின்ஸ்' இதழ் கட்டுரையையே விலக்கிக்கொண்டது.

எந்தப் படம் கொஞ்சமாவது சரியாகச் செய்திருக்கிறது?

என் தேர்வு இரண்டு.

ஒன்று, 1982-இல் வந்த 'தி திங்'. யாரைப் போலவும் உருமாறும் அந்த உயிரியின் வேகமும் துல்லியமும் நம்ப முடியாதவை. ஆனால் அதன் ஒவ்வொரு செல்லும் தனி உயிர் என்று ஒரு விதி வைத்து, கடைசிவரை அதை மீறவில்லை. சூடான கம்பியை ரத்தத்தில் வைக்கும் காட்சி அந்த விதியிலிருந்து நேராகப் பிறக்கிறது. செல் தனியாகப் பிழைப்பது பூமியிலும் நடக்கிறது. டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கின் முகத்தில் வரும் புற்றுநோய், கடி வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லாகவே தாவுகிறது. அந்தச் செல்களின் டிஎன்ஏ கடிபட்ட விலங்கினுடையது இல்லை, எப்போதோ செத்துப்போன வேறொரு விலங்கினுடையது.

இரண்டு, 1971-இல் வந்த 'தி ஆண்ட்ரோமீடா ஸ்ட்ரெய்ன்'. விண்ணிலிருந்து வந்த நுண்பொருளைச் சோதிக்கிறார்கள், அமினோ அமிலம் ஒன்றுமே இல்லை, படிகம் போன்ற அமைப்பு. புரதமும் இல்லாமல் இது எப்படி உயிர் வாழ்கிறது என்று விஞ்ஞானிகள் திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பை நான் முழுமையாக நம்பினேன்.

நான் கதை எழுதுகிறேன். ஏலியன் மரபணு மனிதனைத் தொற்ற வேண்டும், வழியே இல்லையா?

ஒரு வழி சொல்கிறேன். 61 சொல் பாக்டீரியாவை நினைவிருக்கிறதா? பிறகு நடந்த ஆய்வில், அந்தத் தடையையும் தாண்டும் சில வைரஸ்கள் இயற்கையிலேயே கிடைத்தன. எப்படித் தாண்டின? விடுபட்ட சொற்களை வாசிக்கும் டிஆர்என்ஏக்களுக்கான மரபணுவை அவை தங்களோடு எடுத்து வந்திருந்தன. கடிதத்தோடு அகராதியின் சில பக்கங்களையும் மடித்து வைத்தது போல. உங்கள் ஏலியனும் அகராதியைக் கையோடு கொண்டுவரட்டும். அதை நம் செல்லின் கருவிகளை வைத்தே எப்படி முதலில் அச்சடிக்கிறது என்பதை மட்டும் யோசித்து எழுதிவிடுங்கள். அதற்கு நம் மொழியில் ஒரு சில வரிகளாவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற இடத்தில் உங்கள் கதை தொடங்கலாம்.